ஆறு மாதம் முடிந்தது, பாலோடு சோறும் சேர்கிறது: உள்ளே நடக்கும் அற்புதங்கள் தெரியுமா?

சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நியாண்டர்தால் குழந்தை எத்தனையாவது மாதத்தில் தாய்ப்பாலோடு வேறு உணவும் சாப்பிட ஆரம்பித்தது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது, தெரியுமா? பெல்ஜியத்தின் ஸ்க்ளாடினா குகையில் கிடைத்த ஒரே ஒரு கடைவாய்ப்பல் அந்தக் கதையைச் சொல்லிவிட்டது! தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் பேரியம் என்ற தனிமம் பல்லில் கூடுதலாகப் படியும். பல்லோ நாளுக்கொரு மெல்லிய படலமாக வளர்வது. அதைப் படலம் படலமாக அளந்து பார்த்தவர்கள் 2013-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: ஏழு மாதம் வெறும் பால், அடுத்த ஏழு மாதம் பாலும் உணவும் சேர்ந்து, அதன்பின் பால் திடீரென்று நின்றிருக்கிறது. நம்மூர் அங்கன்வாடியில் இன்று சொல்லும் கணக்குக்கும் அந்தக் குகைத் தாயின் கணக்குக்கும் உணவு தொடங்குவதில் ஒரு மாதம்தான் வித்தியாசம்!

நம் கணக்கு தெரிந்ததுதான். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு முடிந்ததும் இணை உணவு. பால் இரண்டு வயதுவரை, விருப்பமிருந்தால் அதற்கு மேலும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுவே.

ஏன் ஆறு மாதம்? காரணங்களில் பெரியது இரும்புச்சத்து. ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது, தெரியுமா? பிறகு குழந்தை எப்படிச் சமாளிக்கிறது? வயிற்றில் இருக்கும்போதே, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், அம்மாவிடம் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது! பிறந்தவுடன் தொப்புள்கொடியை வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்தால் அந்தக் கையிருப்பு இன்னும் கூடும். அது கரைந்துவரும் ஆறாம் மாத வாக்கில்தான் வேறு சில மாற்றங்களும் வந்து சேர்கின்றன. தலை நன்றாக நிற்கிறது. பிடித்து உட்காரவைத்தால் உட்காருகிறது. வாயில் வைத்ததையெல்லாம் நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சைச் செயல் மறைகிறது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் குழந்தை தலை நிமிர்த்தி அசைந்தாடும் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்று கொண்டாடினார்கள். குழந்தைநல மருத்துவர் உணவு தொடங்கலாமா என்று பார்க்கும் முதல் அடையாளமும் அந்தத் தலை நிற்பதுதான்!

சரி, உணவு தொடங்கியாயிற்று. இனி பால் எவ்வளவு, சோறு எவ்வளவு? எல்லா வீட்டிலும் எழும் கேள்வி இது. கணக்கைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஆறிலிருந்து எட்டு மாதம்வரை குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி தேவை. அதில் உணவிலிருந்து வர வேண்டியது 200 மட்டும்! மூன்றில் இரண்டு பங்கு இன்னும் பால்தான். ஒன்பதிலிருந்து பதினொன்றாம் மாதம்வரை உணவின் பங்கு 300 ஆகிறது. ஒரு வயதுக்கு மேல் தேவை 900-ஐத் தொடும்போது, உணவு 550 கலோரி தருகிறது. அப்போதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாலிடம்தான் இருக்கிறது. ஏழு மாதக் குழந்தை நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டால் வீடே கவலைப்படுகிறதே, அந்த வயதில் நாலு வாய் பெரிய விஷயம்! இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, மெல்ல மெல்ல 250 மில்லி கிண்ணத்தில் பாதிக்கு வந்தால் போதும். எட்டு மாதம்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, பிறகு மூன்று நான்கு வேளை. குழந்தை பசியில் வீறிட்டு அழும்போதும் ஊட்ட வேண்டாம், வயிறு முட்டப் பால் குடித்த கையோடும் வேண்டாம். இரண்டு பால் வேளைகளுக்கு நடுவே உற்சாகமாக இருக்கும் நேரம் எது என்று அம்மாவுக்கே தெரியும்.

அடுத்தது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். கைக்குழந்தையின் இரைப்பை எவ்வளவு பிடிக்கும், தெரியுமா? ஒரு கிலோ எடைக்குச் சுமார் 30 மில்லி. ஏழு கிலோ குழந்தை என்றால் 210 மில்லி, ஒரு டம்ளர் அளவு! அந்த ஒரு டம்ளர் இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் எல்லாமே. தாய்ப்பால் 100 மில்லியில் ஏறக்குறைய 65 முதல் 70 கலோரி இருக்கிறது. நீர்க்கக் கரைத்த அரிசிக் கஞ்சியில் அதில் பாதிகூடத் தேறாது. பருப்பு வேகவைத்த தண்ணீரை மட்டும் வடித்துக் கொடுத்தால் இன்னும் மோசம். சத்தெல்லாம் கீழே தங்கிய பருப்பில் இருக்க, குழந்தைக்குப் போவது நிறமும் மணமும். ஆக, 'சீரணமாகட்டும்' என்று அன்போடு தண்ணீர் சேர்த்துத் தந்த கஞ்சி, அதைவிடச் சத்தான பாலுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது! கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாத பதம் வேண்டும். நன்றாகக் குழைத்து மசித்த பருப்புச் சாதம், அதன் மேல் ஒரு தேக்கரண்டி நெய். அந்த ஒரு தேக்கரண்டி மட்டும் சுமார் 40 கலோரி!

ஆனால் கெட்டிக் கூழைக் குழந்தை விழுங்கத் திணறுமே? இங்கேதான் நம் பாட்டிமார் செய்துவந்த ஒன்று அறிவியலாரையே வியக்க வைத்தது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட வைத்து, நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்கிறோம் அல்லவா? முளைக்கும் தானியம் அமைலேஸ் என்ற நொதியைத் தானே தயாரிக்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது துண்டு துண்டாக வெட்டிவிடும். கெட்டியாகக் காய்ச்சிய கூழை இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் முளைகட்டிய மாவில் ஒரு சிட்டிகை தூவிக் கிளறுங்கள். சில நிமிடங்களில், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலே, கூழ் இளகி ஓடும்! சத்து அப்படியே இருக்கும், பதம் மட்டும் நீர்க்கும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஊட்டலாம். 1980-களில் மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும், பரோடாவில் தாரா கோபால்தாசும் இதையே ஆய்வு செய்து உலகுக்குச் சொன்னார்கள். கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது கூடுதல் லாபம்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். அதே அமைலேஸ் நொதி தாய்ப்பாலிலும் இருக்கிறது! குழந்தையின் கணையம் அந்த நொதியைப் போதுமான அளவில் சுரக்க மாதக்கணக்காகும் என்பதால், அரிசியைச் செரிக்க அம்மாவின் பாலே உதவிக்கு வருகிறது. கெட்டியான கூழில் இரண்டு கரண்டி தாய்ப்பாலைக் கலந்து பாருங்கள், கண்ணெதிரே இளகும். பாலைச் சோற்றுக்குப் போட்டியாக நினைக்கும் வீடுகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

ருசி? அது வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது! அம்மா சாப்பிடுவதன் மணம் பனிக்குட நீரில் கலக்கிறது. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தார் 2022-இல் கர்ப்பிணிகளுக்கு கேரட் சத்து அடங்கிய மாத்திரை கொடுத்து ஸ்கேனில் பார்த்தபோது, உள்ளிருந்த சிசுக்கள் சிரிப்பதுபோல் முகம் மலர்த்தின. கேல் என்னும் கசப்புக் கீரைக்கு முகம் சுளித்தன! பிறந்த பின்பு அதே மணங்கள் தாய்ப்பால் வழியே வருகின்றன. பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லா 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழைக் குறைவாகவே முகம் சுளித்து ஏற்றன. அப்படியானால் பெருங்காயமும் சீரகமும் பூண்டும் நம் பிள்ளைகளுக்குப் புதிதே அல்ல. அப்படியும் துப்பினால்? லியான் பர்ச்சும் சூசன் சல்லிவனும் 1994-இல் கண்டது: ஒரே காய்கறியைப் பத்து முறை கொடுத்த பிறகு குழந்தைகள் கணிசமாகக் கூடுதலாகச் சாப்பிட்டன. மூன்றாம் முறையோடு 'இதற்குப் பிடிக்கவில்லை' என்று முடிவுகட்டி விடாதீர்கள்!

1926-இல் கிளாரா டேவிஸ் என்ற பெண் மருத்துவர் அமெரிக்காவில் தொடங்கிய சோதனையைக் கேட்டால் மூச்சே நின்றுவிடும். அப்போதுதான் பால் மறந்த, திட உணவே அறியாத குழந்தைகள். மொத்தம் 15 பேர். 34 வகை உணவுகள்: புளிக்காத பால், புளித்த பால், தானியங்கள், பழங்கள், காய்கள், முட்டை, மீன், இறைச்சி. தாதி கையில் கரண்டியோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார். குழந்தை கை நீட்டினால் மட்டும் ஊட்டலாம், 'இதைச் சாப்பிடு' என்று சொல்லக் கூடாது. ஒரு குழந்தை காலையில் ஈரலும் ஆரஞ்சுச் சாறும் எடுக்கும்; இன்னொரு வேளை முட்டையும் வாழைப்பழமும் பாலும்! பார்க்க ஒரே குழப்பம். ஆனால் அத்தனை குழந்தைகளும் செழித்து வளர்ந்தன. எலும்பு மென்மை நோயோடு வந்த குழந்தையின் தட்டில் மீன் எண்ணெய் வைத்தார்கள். நோய் தீரும்வரை அது விரும்பிக் குடித்தது, தீர்ந்ததும் நிறுத்திவிட்டது! ஒன்றை மறக்கக் கூடாது. அந்த 34-இல் சர்க்கரையோ பிஸ்கட்டோ கிடையாது. சூட்சுமம் பட்டியலில்தான் இருக்கிறது என்று டேவிஸே சொன்னார். எதை வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம்.

இன்னும் சில, வேகமாக. 1950-களில் மயாமியில் வால்ட்டர் சாக்கெட் என்ற டாக்டர், பிறந்த இரண்டு மூன்று நாளிலேயே தானியக் கூழ் ஊட்டச் சொன்னார், தெரியுமா? அவ்வளவு சீக்கிரம் கூழ் கூடாது. நம்மூரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது தொட்டுவைக்கும் தேனும் ஆபத்துதான். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது, கொடிய நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கலாம். உப்பும் அந்த ஒரு வயதுவரை வேண்டாம், சர்க்கரை இரண்டு வயதுவரை வேண்டாம். வேர்க்கடலையைத் தள்ளிப்போட்டால் அலர்ஜி வராது என்று நம்பியிருந்தார்கள். 2015-இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர் 640 குழந்தைகளிடம் செய்த ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. சீக்கிரமே சாப்பிட்ட குழந்தைகளுக்குத்தான் அலர்ஜி மிகவும் குறைவு! முழுக் கடலை தொண்டையில் சிக்கும், அரைத்த விழுதாகத்தான் தர வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளும் உண்டு. அந்த அம்மாக்கள் மனம் நோக வேண்டியதில்லை. புட்டிப்பால் குழந்தைகளுக்கு ஏழிலிருந்து ஒன்பது மாதம்வரை நாளுக்குச் சுமார் 600 மில்லி, பத்திலிருந்து பன்னிரண்டில் 400 மில்லி என்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை அளவு சொல்கிறது. ஒரு வயதுக்கு மேல் பசும்பாலை அரை லிட்டருக்குள் நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் போனால் பசி அடங்கி, சோறும் கீரையும் முட்டையும் உள்ளே போகாமல், ரத்தசோகை வந்துவிடும். பால் நிறையக் குடிக்கும் குண்டுக் குழந்தைக்கே ரத்தம் குறைவாக இருக்கும் விந்தை இதனால்தான்!

பாலைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும்? 1930-களில் இன்றைய கானாவில் பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அதைக் கண்ணால் கண்டார். அடுத்த பிள்ளை வந்ததும் பால் நிறுத்தப்பட்டு, சோளக்கூழை மட்டுமே நம்பியிருந்த குழந்தைகள் உடல் வீங்கி மடிந்தன. குவாஷியோர்க்கர் என்ற அந்த நோயை மருத்துவ உலகுக்கு அறிவித்தவர் அவர். பிறகு சிங்கப்பூர் போனார். அங்கே டப்பாவில் அடைத்த இனிப்புப் பாலைக் குழந்தைகளுக்கு நல்லது என்று விற்பதைக் கண்டு கொதித்து, 1939-இல் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் ஊரே அதிரப் பேசினார்! இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரமே கூடாது என்கிறது. அந்த டப்பாவில் ஏன் குழந்தைப் படம் இல்லை என்று இப்போது தெரிகிறதா?

'ஒரு வயதுக்கு மேல் தாய்ப்பாலில் என்ன இருக்கிறது?' என்று கேட்பவர்களுக்கு: 2005-இல் இஸ்ரேலில் அளந்து பார்த்தபோது, ஓராண்டு தாண்டியும் பால் கொடுத்த தாய்மாரின் பாலில் கொழுப்புச் சத்து, சில மாதமே பால் கொடுத்திருந்த தாய்மாரின் பாலைவிடக் கூடுதலாக இருந்தது!

பாலையும் உணவையும் நிறுத்துப் பார்த்துக் கொடுப்பதில் ஒராங்குட்டான் தாயை மிஞ்ச ஆளில்லை. 2017-இல் வெளியான பல் ஆய்வின்படி, அதன் குட்டி எட்டு வயது தாண்டியும் பால் குடிக்கிறது! காட்டில் பழம் குறையும் காலங்களில் பால் கூடுகிறது, பழம் மிகுந்தால் குறைகிறது. நம் குழந்தைகளும் அதேபோலத்தான். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் சோற்றைத் தள்ளிவிட்டு மார்பையே தேடும். அந்த நாட்களில் கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். உணவைச் சிறுகச் சிறுக, அடிக்கடி நீட்டிப் பாருங்கள். உடம்பு தேறியதும் பசி கூடும். அப்போது இரண்டு வாரத்துக்குத் தினமும் ஒரு வேளை உணவு அதிகமாகக் கொடுத்தால், இழந்த எடை திரும்ப வந்துவிடும்.