ஹாக்கிங்கின் குரல் சில்லு மாறிய கதை

1985இல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்குக் கடும் நிமோனியா. உயிரைக் காப்பாற்றத் தொண்டையில் துளையிட்டார்கள், பேச்சு போயிற்று. அதன்பின் பல்லாண்டுகள் உலகம் கேட்டது, அமெரிக்காவின் ஸ்பீச் பிளஸ் நிறுவனம் தயாரித்த 'கால்டெக்ஸ்ட் 5010' கருவியின் குரலை. எம்.ஐ.டி. ஆய்வாளர் டென்னிஸ் கிளாட் தன் சொந்தக் குரலை அளந்து உருவாக்கிய மாதிரிதான் அதற்கு அடிப்படை. பிற்பாடு எத்தனையோ இனிய குரல்கள் வந்தன. ஹாக்கிங் எதற்கும் மாறவில்லை. இதுவே தன் குரல் என்று இருந்துவிட்டார்.

ஆனால் கருவிக்கு வயதாகிக்கொண்டே போனது. அதைச் செய்த நிறுவனமும் கைமாறி மறைந்தது. உள்ளிருக்கும் நிரலை எடுத்து ஒரு புதுக் கணினியில் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

கால்டெக்ஸ்டில் இரண்டு சில்லுகள். எழுத்தைப் படித்து எந்தெந்த ஒலி, எவ்வளவு நீளம், எந்தச் சுருதி என்று முடிவு செய்வது இன்டெல் 80188. அந்த முடிவை ஒலியலையாகக் கணக்கிடுவது என்.இ.சி. 7720. இந்த இரண்டாவது வேலை ஏறக்குறைய நாகஸ்வரம் மாதிரி: சீவாளி எழுப்பும் வெற்றொலி உலவுக்குள் புகுந்து நாதமாகிறது அல்லவா? இங்கே சீவாளியும் எண், உலவும் எண். ஒரு விநாடி ஒலிக்கு லட்சக்கணக்கான முறை பெருக்கிக் கூட்டியாக வேண்டும். 7720இல் எல்லாம் 16 பிட் முழு எண் கணக்கு. பெருக்கலில் மிஞ்சும் கடைசி இலக்கங்கள் வெட்டுப்படும். அந்த வெட்டலும் குரலின் சாயலைத் தொடக்கூடியது. இதே சூத்திரத்தை நவீனப் புராசஸரில் துல்லியமாகப் போட்டால் ஒலி சுத்தமாகலாம். ஆனால் அது அச்சு அசலாக ஹாக்கிங்கின் குரலாக இருக்காது.

1980களில் கால்டெக்ஸ்டை உருவாக்கும் பணியில் இருந்த பொறியாளர் எரிக் டோர்சியும் ஹாக்கிங்கின் பல்கலைக்கழகமான கேம்பிரிட்ஜ்காரர்களும் முதலில் தேடியது மூலநிரலை. கிடைத்தது 1996ஆம் ஆண்டுப் பதிப்பு. அதிலிருந்து வந்த குரல் ஒத்துப்போகவில்லை. கடைசியில் சில்லுகளையே மென்பொருளால் நடிக்க வைக்க முடிவு செய்தார்கள். கேம்பிரிட்ஜின் பீட்டர் பெனி எமுலேட்டர் எழுதினார். 7720க்குக் கைகொடுத்தது, யாரும் எதிர்பாராத இடம்: நின்டெண்டோ விளையாட்டுகளுக்கான 'ஹிகன்' எமுலேட்டர். 'சூப்பர் மாரியோ கார்ட்' கேட்ரிட்ஜுக்குள் இருந்தது இதே சில்லின் நெருங்கிய உறவு. பொழுதுபோகாத பிள்ளைகளின் வேலை என்று பெரியவர்கள் ஒதுக்கியிருக்கக்கூடிய ஒன்று, ஒரு பேராசிரியரின் குரலைக் காப்பாற்றியது!

2018 ஜனவரியில் அந்தக் குரல் ஏ.ஆர்.எம். புராசஸர் கொண்ட ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையிலிருந்து பேசியது. அதே ஆண்டு மார்ச் 14 அன்று ஹாக்கிங் காலமானார்.

சரியான மூலநிரல் கையில் இருந்தால் ஒரு குரலை வேறு புராசஸருக்கு மாற்றும் வேலை சுலபம்தான். ஆனாலும் பொறிகள் உண்டு. சி மொழியில் 'கேர்' என்ற எட்டு பிட் எண், லினக்ஸில் இன்டெல் வகைப் புராசஸரில் -128 முதல் 127 வரை போகும், ஏ.ஆர்.எம்.மிலோ 0 முதல் 255 வரை. 'முடிந்துவிட்டது' என்பதற்கு -1 என்று எழுதிவைத்திருந்தால் அது அங்கே 255 ஆகிவிடும். நிரல் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. கம்பைலர் பல சமயம் வாய் திறப்பதில்லை.

மூலநிரல் விஷயத்தில் கொடுத்துவைத்தது, எழுத்தைப் பேச்சாக்கும் 'ஈஸ்பீக்' மென்பொருள். ஜொனாதன் டடிங்டன் 1995இல் ஏகார்ன் கணினிக்காக எழுதியது. ஏ.ஆர்.எம். புராசஸர் பிறந்ததே ஏகார்னில்தான். 2006இல் லினக்ஸுக்கு வந்த ஈஸ்பீக், நிரல் திறந்து கிடப்பதால் இன்டெல் கணினி, ஆண்ட்ராய்டு போன், ராஸ்பெர்ரி பை என்று எங்கும் ஓடுகிறது. தமிழும் படிக்கும். என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானோடு இலவசமாகவே வருகிறது. உச்சரிப்பு தகரத்தில் தட்டினாற்போல இருக்கும், உண்மைதான். ஆனால் பழகிய பார்வையற்றவர்கள் இதை நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். அந்த வேகத்திலும் எழுத்து எழுத்தாகத் தெளிவாக விழுகிறது இந்தத் தகரக் குரல்.

'எலோக்வென்ஸ்' என்ற பழைய குரலுக்கும் இப்படியே விடாப்பிடியான ரசிகர்கள் உண்டு. ஆனால் அது மூடிய நிரல். லினக்ஸில் 32 பிட் இன்டெல் வடிவத்தோடு நின்றுபோக, அங்கே வேறு புராசஸர் வைத்திருந்தவர்களால் தாங்களாக அதை மாற்றிக்கொள்ள முடியவில்லை. 2022இல் ஆப்பிள் அதை ஐபோனுக்குள் கொண்டுவந்தது. அங்கே அது ஏ.ஆர்.எம்.மில் பேசுகிறது.