பழைய துவக்குகளுக்கு இரண்டு வயது

கண்டி அரண்மனையிலிருந்து 1765ஆம் ஆண்டில் ஒல்லாந்தப் படையினரால் கொள்ளையிடப்பட்ட ஆறு பொருட்கள், 258 ஆண்டுகள் கழிந்து, 2023ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் கொழும்பு தேசிய நூதனசாலையில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. லெவ்கே திசாவையின் பீரங்கி என அறியப்படும் வெண்கலப் பீரங்கி, பொன்னாலும் வெள்ளியாலும் அணிசெய்யப்பட்ட இரு கஸ்தானை வாள்கள், ஒரு கத்தி, மகா துவக்கு எனப்படும் இரு மதில் துப்பாக்கிகள் ஆகியனவே அவை. அரசுகள் பேசித் தீர்த்த ஒரு விடயமாகவே பலரும் இதனை நோக்குகின்றனர். ஆனால், பழைய ஆயுதமொன்றின் வயதையும் அது கைமாறிய வரலாற்றையும் பொறுமையுடன் கணிக்கும் கலையின் வெற்றியும் இதில் அடங்கியுள்ளது. பழம்பொருட் சேகரிப்பில் நாட்டமுள்ளோர் இக்கலையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

மேலை நாடுகளில் பழைய துப்பாக்கி சேகரிப்போர் மிகுந்த விருப்புடன் தேடுபவற்றுள் ஜேர்மனியக் கைத்துப்பாக்கிகள் முக்கியமானவை. 1908ஆம் ஆண்டில் ஜேர்மனியத் தரைப்படை ஏற்றுக்கொண்ட லூகர் துப்பாக்கி அவற்றுள் தலையாயது. அதன் வயதை அறிவது பெருங் கடினமன்று. இராணுவத்துக்கெனச் செய்யப்பட்டவற்றில், 1910ஆம் ஆண்டு முதல், குண்டு அமரும் அறையின் மேற்புறத்தில் உற்பத்தி ஆண்டு பொறிக்கப்பட்டது. ஆயுத உற்பத்தியை ஜேர்மனி மறைத்து நடத்திய காலத்தில் ஆண்டுக்குப் பதிலாக எழுத்துகள் இடம்பெற்றன. மௌசர் தொழிற்சாலைத் துப்பாக்கிகளில் 'கே' என்பது 1934ஐயும் 'ஜி' என்பது 1935ஐயும் குறித்தன. தொடரிலக்கம், பரிசோதகரின் முத்திரை, தொழிற்சாலைக் குறியீடு ஆகிய அனைத்தும் உலோகத்திலேயே பதிந்துள்ளன. அதாவது, அத்துப்பாக்கி தனது பிறப்புச் சான்றிதழைத் தன் உடலிலேயே சுமந்து திரிகின்றது.

எனினும் அனுபவமுள்ள சேகரிப்பாளர் அத்துடன் நின்றுவிடுவதில்லை. உறுப்புகள் அனைத்திலும் ஒரே இலக்கம் உள்ளதா, மேற்பூச்சு பழையதா அல்லது பிற்காலத்தில் பூசப்பட்டதா என்று அவர் ஆராய்வார். அழகுபடுத்தும் நோக்கில் மினுக்கப்பட்ட துப்பாக்கியின் மதிப்பு உயர்வதில்லை, மாறாக வீழ்ச்சியடைகின்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் கைப்பற்றி எடுத்துச்சென்ற துப்பாக்கிகளுக்கு அதிகாரிகள் வழங்கிய அனுமதித் தாள்களும் கூடவே இருப்பின், சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுக்கின்றனர். ஏனெனில் ஆயுதமொன்றுக்கு இரண்டு வயதுகள் உண்டு. அது செய்யப்பட்ட காலம் ஒன்று. அது உரியவரின் கையை விட்டு அகன்ற காலம் மற்றொன்று. முதலாவதை உலோகம் சொல்லும். இரண்டாவதை ஆவணமே சொல்லும்.

கண்டிப் பிரதேசத்துப் பழைய துவக்குகளில் தொடரிலக்கமும் இல்லை, தொழிற்சாலை முத்திரையும் இல்லை. 1505ஆம் ஆண்டில் போத்துக்கேயர் வந்ததன் பின்னர் இத்தீவின் கம்மியர்கள் துப்பாக்கித் தொழிலை விரைந்து கற்று, கற்பித்தவர்களே வியக்குமளவுக்குத் தேர்ச்சி பெற்றனர். கொடித்துவக்கு எனும் சிறு பீரங்கிகளுக்கென கண்டி அரசில் தனிப் படைப்பிரிவே இயங்கியது. 'கொடிதுவக்கு' என்ற குடும்பப் பெயர் இன்றும் சிங்கள மக்களிடையே வழங்குகின்றது. ஈழத்துத் தமிழர் துப்பாக்கியைத் 'துவக்கு' என்பதும் சிங்களத்தில் அது 'துவக்குவ' என வழங்குவதும், இவ்வாயுதம் இரு மொழியினருக்கும் பொதுவான வரலாற்றின் பகுதி என்பதைக் காட்டுவன.

இத்துவக்குகளை இனங்காண்பதற்கு வேறு அடையாளங்கள் உள்ளன. ஐரோப்பியத் துப்பாக்கிகளில் வலப்புறத்தில் அமைந்துள்ள, மருந்தைப் பற்றவைக்கும் பொறி இவற்றில் பெரும்பாலும் இடப்புறத்தில் அமைந்திருக்கும். தோளில் பதியும் மரப்பகுதி சுருண்டு பிளவுபட்டிருப்பதுண்டு. தந்தமும் வெள்ளியும் பதித்த கொடிக்கருக்கு வேலைப்பாடு கண்டிக் கம்மியரின் கைவண்ணத்தை உணர்த்தும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலும், பி.ஈ.பி. தெரணியகல 1942ஆம் ஆண்டில் சிங்கள ஆயுதங்கள் குறித்து எழுதிய ஆய்வும் இத்துறையில் புகுவோருக்கு வழிகாட்டிகளாகும். ஆயினும் ஓர் எச்சரிக்கை அவசியம். குழாய் ஒரு நாட்டில் வார்க்கப்பட்டு, அலங்காரம் வேறொரு நாட்டில் ஏறியிருக்கலாம். ஆகையால் உடலின் வயதையும் அணியின் வயதையும் தனித்தனியே கணித்தல் வேண்டும்.

லெவ்கே திசாவையின் பீரங்கி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பொன், வெள்ளி, மாணிக்கக் கற்கள் ஆகியவற்றால் அணிசெய்யப்பட்ட அப்பீரங்கியில் கண்டியரசின் சின்னங்களான சூரியன், பிறைச்சந்திரன், சிங்கம் ஆகியன காணப்படுகின்றன. 1745-46 காலப்பகுதியில் லெவ்கே திசாவை அதனை மன்னனுக்கு அளித்தமை அதிலுள்ள சிங்களக் கல்வெட்டெழுத்தால் தெரியவருகின்றது. அப்போது அரியணையில் இருந்தவன், மதுரை நாயக்கர் வழிவந்த முதலாவது கண்டி மன்னனான ஸ்ரீ விஜய ராஜசிங்கன். இது முதலாவது வயது.

இரண்டாவது வயது 1765. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆட்சியில், ஆளுநர் வான் எக் தலைமையிலான ஒல்லாந்தப் படை அவ்வாண்டு பெப்ரவரியில் கண்டியினுள் புகுந்தது. அரண்மனை சூறையாடப்பட்டது. நோயாலும் உணவின்மையாலும் நலிந்த அப்படை சில மாதங்களில் பின்வாங்கிய போதிலும், கொள்ளைப் பொருட்கள் கடல்கடந்து ஒல்லாந்து இளவரசர் ஐந்தாம் வில்லியத்தின் தொகுப்பைச் சென்றடைந்தன. பின்னர் அவை அம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் நூதனசாலைக்கு வந்தன. அவை எவ்வாறு அங்கு வந்தன என்பது நெடுங்காலம் தெளிவின்றியே கிடந்தது. 2019 முதல் 2022 வரை நடைபெற்ற ஆய்வில் பொருட்களும் ஆவணங்களும் ஒருங்கே ஒப்புநோக்கப்பட்ட பின்னரே ஐயம் நீங்கியது. 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நெதர்லாந்து அரசு திருப்பியளிக்கத் தீர்மானித்தது. கல்வெட்டு வாசகம் மினுக்கலில் தேய்ந்திருப்பின், அல்லது பழைய பதிவேடுகள் அழிந்திருப்பின், கண்டியின் உரிமையை நிலைநாட்டுவது பெரிதும் கடினமாகியிருக்கும்.

இதிலிருந்து கண்டியிலும் அதன் சூழலிலும் வாழும் நாம் பெறவேண்டிய பாடம் உண்டு. பழைய வளவுகளிலும் வீடுகளிலும் பாட்டனார் காலத்துத் துவக்குகள், வாள்கள், மருந்துக் கொம்புகள் முதலியன இருக்கக்கூடும். அவற்றின் துருவை அரத்தால் தேய்ப்பதும், உடைந்த மரத்துக்குப் புதுமரம் பொருத்துவதும், வெள்ளித் தகட்டைக் கழற்றித் தனியே விற்பதும் சான்றை அழிக்கும் செயல்களேயாகும். உள்ளது உள்ளவாறே ஒளிப்படம் எடுத்து, யாரிடமிருந்து, எப்போது, எவ்வாறு வந்தது என எழுதி வைத்தலே முதற்பணி.

சட்டமும் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி தேவை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது, 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்களையே தொல்பொருள் என வரையறுத்தது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்ட நாள் அது. துவக்கொன்றின் வயது வெறும் சேகரிப்பாளரின் ஆவலுக்குரியதன்று, சட்டத்தின் பாதுகாப்பைத் தீர்மானிப்பதும் அதுவே என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை. அச்சட்டம் பின்னர் திருத்தப்பட்டுள்ளது. அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது குற்றமாகும். 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துகள் சட்டம் அத்தகைய பொருட்களின் வியாபாரத்தையும் அனுமதிப்பத்திர முறைக்கு உட்படுத்தியது.

1815இல் பிரித்தானியர் கொண்டுசென்ற கண்டி அரியணை 1934இல் மீண்டது. பீரங்கி 2023இல் மீண்டது. இவ்விரண்டும் அரசர்களின் உடைமைகளாதலால் எவரேனும் அவற்றைக் குறித்து எழுதி வைத்திருந்தனர். சாதாரணக் கம்மியன் செய்து, சாதாரணக் குடியானவன் தோளில் சுமந்த துவக்கைப் பற்றி எழுதி வைப்பதற்கு இன்று அதனை வைத்திருப்பவரைத் தவிர வேறு எவரும் இல்லை. அவர் எழுதாவிடின் அது நாளை வெறும் பழைய இரும்பாகவே எஞ்சும்.