கொரோனா பள்ளத்தைத் தொட்டா 2008 கதை வந்துச்சு!

இந்த வாரம் எந்த ஃபண்டையும் அலசப் போறதில்லை. நம்ம பக்கத்துல நான் செஞ்சு வெச்ச ஒரு தப்பைப் பத்திப் பேசணும். அதனால ஒரு அக்கா எஸ்ஐபி-யையே நிறுத்தப் பார்த்தாங்க.

இங்க ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டுல டிபன் கடை வெச்சிருக்காங்க. மாசம் 3,000 ரூபாய் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுல போகுது. பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலக் கூட்டம் ஓய்ஞ்ச நேரத்துல போனை நீட்டினாங்க. “தம்பி, கொரோனாவுல விழுந்தது மேல வர மூணு வருஷம் ஆச்சாமே? பொண்ணு காலேஜ் சேர ஏழு வருஷம்தான் இருக்கு. நிறுத்திடட்டுமா?”

“யாருக்கா சொன்னது?”

“உன் பக்கத்துலதான் போட்டிருக்கு!”

பார்த்தா, ஆமா. அதே கிராஃப். 2005-லிருந்து 2024 வரை நிஃப்டி. பைதான்ல மேட்பிளாட்லிப் வெச்சு வரைஞ்ச சாதாரண பிஎன்ஜி படம்தான். ஜாவாஸ்கிரிப்ட் சார்ட் போட்டா சுமார் நெட்வொர்க்ல சுத்திக்கிட்டே இருக்கும். அதனால படத்துமேல இமேஜ் மேப் போட்டிருந்தேன். இது பழைய டெக்னிக்தான், 1997-ல வந்த ஹெச்டிஎம்எல் 3.2-லயே இருக்கு. ‘மேப்’ டேகுக்குள்ள ‘ஏரியா’ டேகுகள். ஒவ்வொண்ணுக்கும் இடது, மேல், வலது, கீழ்னு நாலு எண்ணும் ஒரு லிங்க்கும் கொடுத்தா, அந்தக் கட்டத்தைத் தொட்டதும் அதுக்கான குறிப்பு திறக்கும்.

சிக்கல் அந்த எண்கள்லதான். என் படம் 1,200 பிக்சல் அகலம். ரெண்டு ஓரத்துலயும் 100 விட்டு, வருஷத்துக்கு 50. அப்போ 2008-க்கு 250-லிருந்து 300. 2020-க்கு 850-லிருந்து 900. லேப்டாப்ல அருமையா வேலை செஞ்சது. அக்கா போன்ல படம் 360 பிக்சலுக்குச் சுருங்கிடுச்சு. படம் சுருங்கும், ஏரியா எண்கள் சுருங்காது! கொரோனா பள்ளம் 255-க்கும் 270-க்கும் நடுவுல தெரியுது. அந்த இடத்துல விரலை வெச்சா பிரவுசர் கணக்குல அது 2008.

குறிப்புல நான் வருஷத்தையும் எழுதல. “பாதிக்கு மேல விழுந்தது, பழைய உயரத்தைத் தொட கிட்டத்தட்ட 3 வருஷம்”னு மட்டும் இருந்தது. 2008-க்கு அது சரி: ஜனவரியில 6,200-க்கு மேல இருந்த நிஃப்டி அக்டோபர்ல 2,524 வரை போச்சு, திரும்பி வந்தது 2010 நவம்பர்ல. 2020 வேற கதை. ஜனவரியில 12,300-க்கு மேல இருந்தது மார்ச் 23-ல 7,610. நவம்பர்லயே பழைய உச்சத்தைத் தாண்டிடுச்சு. எட்டு மாசம்கூட ஆகல. அதுக்காக அடுத்த வீழ்ச்சியும் சீக்கிரம் சரியாகும்னு அக்காகிட்ட நான் சொல்லல. 2008 மாதிரியும் ஆகலாம், ஏழு வருஷக் கணக்கை அதையும் சேர்த்துதான் போடணும்னு சொன்னேன்.

சரி, எப்படிச் சரி பண்ணேன்? திரையில தெரியற அகலத்தைப் படத்தோட அசல் அகலத்தால வகுத்து, வர்ற விகிதத்தால எல்லா எண்ணையும் பெருக்கணும். பக்கம் திறக்கும்போது ஒருதரம், போனைத் திருப்பும்போது மறுபடி. பத்து வரி ஸ்கிரிப்ட்தான். எஸ்விஜி-யா வரைஞ்சு அதுக்குள்ளயே லிங்க் வெச்சா இந்தத் தொல்லையே இல்லை. புதுசா ஆரம்பிக்கறவங்க அதையே எடுத்துக்கோங்க.

ஆனா அதோட முடியல. சரியாச் சுருக்கின பிறகு ஒரு வருஷத்துக்கு 15 பிக்சல்தான் கிடைக்குது. தோசை திருப்பற கை, எப்படித் தொடும்? தொடற இடம் குறைஞ்சது 24 பிக்சலாவது இருக்கணும்னு 2023-ல வந்த டபிள்யூசிஏஜி 2.2 சொல்லுது. அதனால மூணு மூணு வருஷமாச் சேர்த்தேன். 2019-லிருந்து 2021 வரை ஒரே கட்டம், 45 பிக்சல். குறிப்போட முதல் வரியில பெருசா வருஷம்.

எண்களைக் கையால அடிக்கறதையும் விட்டுட்டேன். படம் வரையற ஸ்கிரிப்டே மேப்பையும் எழுதுது. இல்லைன்னா ஒரு வருஷம் கூடினதும் எல்லாக் கட்டமும் நகர்ந்துடும். மேட்பிளாட்லிப் உயரத்தைக் கீழிருந்து எண்ணும், ஹெச்டிஎம்எல் மேலிருந்து எண்ணும். மொத்த உயரத்துல இருந்து கழிக்க மறந்துடாதீங்க. ஓரத்தை வெட்டிச் சேமிக்கற ‘டைட்’ ஆப்ஷனையும் எடுத்துடுங்க, அது மொத்தத்தையும் நகர்த்திடும்.

போன வாரம் அக்கா மறுபடி தொட்டுப் பார்த்தாங்க. 2020 சரியா வந்தது. எஸ்ஐபி ஓடுது. “இங்க 2011-ல ஒரு குழி இருக்கே தம்பி, இதுக்கு ஏன் ஒண்ணும் வரல?”னு கேட்டாங்க. அந்தக் குறிப்பைத்தான் இப்போ எழுதிட்டிருக்கேன்.