சுழல்தண்டும் இரு கவைகளும்

புனேயைச் சேர்ந்த ஃபோர்ஸ் நிறுவனத்தாரின் கூர்க்கா போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளில், எஞ்சினின் ஆற்றலை அச்சுகளுக்குக் கொண்டுசெல்வது சுழல்தண்டு. அதன் இரு முனைகளிலும் கவை போன்ற கிராஸ் ஜாயிண்டுகள் உண்டு. நண்பரொருவர் வீட்டு முற்றத்தில் இத்தகைய தண்டொன்றை மீண்டும் பூட்டினேன். அதில் விளங்கிய இயற்பியலைக் கூறுகிறேன்.

சாய்ந்த ஜாயிண்டு சீராகச் சுழற்றாது. ஒரு சுற்றில் இருமுறை விரையும், இருமுறை தளரும். சாய்வு 30 பாகையாயின் வேகம் 0.87 மடங்கிற்கும் 1.15 மடங்கிற்கும் இடையே மாறும். இரு முனைச் சாய்வும் சமமாகி, தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், ஒன்றன் குறையை மற்றது ஈடுசெய்யும். தண்டின் வழுக்குப் பற்கள் இடம் மாறிப் பொருந்தினாலோ வண்டி அதிரும். ஆகவே கழற்றுமுன் குறியிடுக.

இன்னொன்று: தண்டு கழன்றபின் கியர் வண்டியைப் பிடிக்குமென நம்பற்க. சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பின்னரே அடியில் செல்க.