மகள் குதிரையேற, தாய் பார்த்திருக்க

குதிரையேற்றம் என்றதும் அது செல்வந்தர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் பக்கத்தைப் புரட்டிவிடுவதுண்டு. அந்தக் கருத்து முற்றிலும் தவறானதன்று. ஒரு நல்ல குதிரையைப் பேணுவதற்கு ஆகும் செலவில் இரண்டு குடும்பங்கள் வாழலாம். ஆயினும் சேணத்தின் மீது ஏறி அமர்ந்த பின்னர் அங்கே செல்வம் துணைக்கு வருவதில்லை. விழுந்தால் எவருடைய எலும்பும் முறியும். அரங்கின் ஓரத்தில் நின்று பார்க்கும் தாய் அரசியாயினும் அப்பொழுது அவளால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

பிரித்தானிய அரச குடும்பத்தில் இரண்டு தலைமுறைத் தாய்மார் இவ்வாறு நின்றிருக்கின்றனர். இளவரசி ஆன் 1971இல் பேர்லியில் நடைபெற்ற ஐரோப்பிய வாகையர் போட்டியில் 'டப்ளெற்' என்னும் குதிரையில் ஏறித் தனிநபர் பட்டத்தை வென்றார். அப்பொழுது அவருக்கு 21 வயது. வெற்றிக் கிண்ணத்தை வழங்கியவர் தாயார் இரண்டாம் எலிசபெத். மூன்று ஆண்டுகளின் பின் அதே குதிரை, இளவரசி அதன்மீது அமர்ந்திருந்த வேளையிலேயே கால் முறிந்து, கருணைக்கொலை செய்யப்பட வேண்டியதாயிற்று. இந்த விளையாட்டின் கணக்கில் வரவும் இழப்பும் இவ்வளவு அருகருகே இருக்கின்றன.

இங்கு நாம் குறிப்பிடுவது குதிரைப் பந்தயத்தை அன்று. மூன்று கட்டங்களைக் கொண்ட கூட்டுப் போட்டியை. முதலாவது, குதிரை நடனம் போன்ற நுட்பமான அடிவைப்புகளில் அதன் பணிவைக் காட்டும் டிரெஸாஜ். இரண்டாவது, காடும் மேடும் நீரும் கடந்து பாயும் நாட்டுப்புற ஓட்டம். மூன்றாவது, அரங்கினுள் தடை தாண்டல். அரங்கில் உள்ள தடிகள் ஆழமற்ற கிண்ணங்களில் வைக்கப்பட்டவை. குளம்பு பட்டால் கீழே விழும், நான்கு புள்ளிகள் தண்டம், அவ்வளவே. நாட்டுப்புற ஓட்டத்தில் உள்ளவையோ மரக்குற்றிகளாலான அசையாத தடைகள். குதிரையின் முன்னங்கால் அதில் இடறினால் குதிரை தலைகீழாகப் புரண்டு, ஏறியிருப்பவர்மீதே விழக்கூடும். 1999ஆம் ஆண்டில் மட்டும் பிரித்தானியாவில் இப்போட்டிகளில் ஐவர் உயிரிழந்தனர். அதன் பின்னரே பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. பலமாக மோதினால் தடை சரிந்து கொடுக்கும்படியான முளைகளும் பின்னர் புழக்கத்துக்கு வந்தன.

1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் ஆன் தாயாருக்குச் சொந்தமான 'குட்வில்' என்னும் குதிரையில் ஏறிப் போட்டியிட்டார். அந்த விளையாட்டு விழாவைத் தொடக்கிவைத்தவரும் அதே தாயார்தான். நாட்டுப்புற ஓட்டத்தில் குதிரை இடறிற்று. ஆன் தலையில் அடிபட்டு விழுந்தார். மீண்டும் ஏறி ஓட்டத்தை முடித்தார். விழுந்த பின் நடந்தவை எதுவும் தம் நினைவில் இல்லை என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். முடிவில் கிடைத்தது 24ஆவது இடம். இன்றைய விதிகளின்படி விழுந்தவர் மீண்டும் ஏறித் தொடர முடியாது. அன்று பார்வையாளர் பகுதியில் அரசியாரும் குடும்பத்தினரும் இருந்தனர். நாணயத்தாளில் தன் முகத்தைப் பொறித்து வைத்திருந்த அந்தத் தாய்க்கும், சனிக்கிழமைதோறும் பிள்ளையை வகுப்பில் இறக்கிவிட்டுக் காருக்குள் காத்திருக்கும் நம்மூர்த் தாய்க்கும் அந்த ஒரு கணத்தில் பெரிய வேறுபாடு இருந்திருக்குமென நாம் நினைக்கவில்லை.

ஆனின் மகள் ஸாரா 1981இல் பிறந்தவர். பெற்றோர் அவருக்கு அரச பட்டம் எதனையும் ஏற்க விரும்பவில்லை. ஆகவே போட்டிப் பட்டியலில் அவர் வெறும் ஸாரா பிலிப்ஸ். 'ரோய்ரவுண்' என்னும் குதிரையுடன் 2005இல் ஐரோப்பியப் பட்டத்தையும், 2006இல் ஜேர்மனியின் ஆகன் நகரில் உலகப் பட்டத்தையும் வென்றார். பி.பி.சி. ஆண்டுதோறும் மக்கள் வாக்கினால் தெரிவுசெய்யும் சிறந்த விளையாட்டாளர் விருதை 1971இல் தாயும் 2006இல் மகளும் பெற்றனர். ஆனால் ஒலிம்பிக் மட்டும் கைக்கெட்டவில்லை. 2004இலும் 2008இலும் போட்டி நெருங்கிய வேளையில் குதிரைக்குக் காயம். மனிதர் எவ்வளவு பயின்றாலும் வாய்பேசாத துணையின் ஒரு காலில் எல்லாம் தங்கியிருக்கிறது.

2012இல் இலண்டனில், கிறீனிச் பூங்காவில், 31 வயதில் 'ஹை கிங்டம்' என்னும் வேறொரு குதிரையுடன் அவர் முதன்முறையாக ஒலிம்பிக் களத்தில் இறங்கினார். அவருடைய அணியிலேயே 51 வயதான மேரி கிங்கும் இருந்தார் என்பதை இங்கு சொல்லிவைக்க வேண்டும். இளமை கடந்தால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர் இந்த விளையாட்டைச் சற்றுப் பார்க்கலாம். ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் போட்டியிடுவதும் இதன் சிறப்பு.

ஜூலை 30இல் நாட்டுப்புற ஓட்டம். ஏறத்தாழ பத்து நிமிடப் பாய்ச்சல். பூங்கா மேட்டுநிலத்தில் திருப்பங்கள் நெருக்கமாக இருந்தன. பலர் வழுக்கி விழுந்தனர். ஸாரா ஒரு தடையிலும் தவறாது வந்து சேர்ந்தார். தாயார் களத்தருகே நின்று பார்த்தார். ஆனுக்கு அது எத்தகைய பத்து நிமிடம் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். அவர் உணர்ச்சியை வெளியே காட்டும் இயல்பினர் அல்லர். ஆனால் அந்தக் குற்றிகளின் முன் குதிரை தயங்கும் நொடி எப்படியிருக்கும் என்பதைத் தம் உடம்பாலேயே அறிந்தவர் அவர். அறியாத தாய்க்கு அச்சம் பொதுவானது. அறிந்த தாய்க்கு அது ஒவ்வொரு தடையாக எண்ணப்படுவது.

மறுநாள் தடை தாண்டலில் மகளின் குதிரை ஒரு தடியை வீழ்த்திற்று. நேரமும் சற்று மிஞ்சியது. ஜேர்மனி தங்கம் வென்றது. பிரித்தானிய அணிக்கு வெள்ளி, நியூசிலாந்துக்கு வெண்கலம். 1988 முதல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவில் உறுப்பினராயிருக்கும் ஆன், அந்த உரிமையில் பதக்கத் தட்டின் அருகே வந்தார். தாம் ஒருபோதும் பெறாத ஒலிம்பிக் பதக்கத்தை மகளின் கழுத்தில் அணிவித்து முத்தமிட்டார். 1971இல் தாயின் கையால் பெற்றவர், 41 ஆண்டுகளின் பின் மகளுக்குத் தம் கையால் கொடுத்தார்.

அந்தப் படத்தை உலகப் பத்திரிகைகள் அனைத்தும் வெளியிட்டன. தந்தை மார்க் பிலிப்ஸ் அதில் இல்லை. 1972 மியூனிச்சில் இதே போட்டியில் அணித் தங்கம் வென்றவர் அவர். ஆனுடனான மணவாழ்வு 1992இல் முறிந்தது. அன்று அவரும் கிறீனிச்சில்தான் இருந்தார், ஆனால் எதிரணியில். அமெரிக்க அணியின் பயிற்றுநர் அவர். தமது மாணவர்கள் வெல்ல வேண்டும் என்பது கடமை, மகள் தவறக்கூடாது என்பது மனம். இரண்டையும் ஒரே தடையின்மீது வைத்துப் பார்த்திருந்த அந்த மனிதரைப் பற்றி எவரும் அதிகம் எழுதவில்லை. அமெரிக்க அணிக்கு அன்று பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை.