ரூம் போட்டு யோசிச்சது போதும்... ரூமைப் பத்தி யோசிங்க பாஸ்!

உங்க ரூம்ல ஒரு நாற்காலி இருக்கும். கடைசியா அதுல எப்போ உக்காந்தீங்க? ஞாபகம் வராது! ஏன்னா அது நாற்காலி வேலையை ராஜினாமா பண்ணி ரொம்ப நாளாச்சு. நேத்து போட்ட ஜீன்ஸ், முந்தாநாள் போட்ட டி-ஷர்ட், காயாத துண்டு, ரெக்கார்ட் நோட்டு, சார்ஜர் வயர்னு எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு பொதி கழுதை மாதிரி நிக்குது. நாற்காலி ஃபுல் ஆச்சுன்னா அடுத்தது கட்டில். கட்டிலும் ஃபுல்லானா... ராத்திரி மொத்தத்தையும் அள்ளி மறுபடி நாற்காலிக்கு ஷிஃப்ட் பண்ணிட்டுத் தூங்க வேண்டியதுதான்!

இதுக்கு நம்ம ஆளுங்க வெச்சிருக்கற ஒரே வைத்தியம், 'ஞாயித்துக்கிழமை மொத்தமா க்ளீன் பண்ணிடலாம் மச்சி!' ஆனா, அந்த ஞாயித்துக்கிழமை பார்த்து கிரிக்கெட் மேட்ச் இருக்கும். அடுத்த வாரம் இன்டர்னல் டெஸ்ட். அப்படியே தள்ளித் தள்ளி, போகிப் பண்டிகை வரைக்கும் இழுத்துட்டு வந்துடும். வருஷத்துல ஒருநாள் வீட்டைத் தலைகீழா புரட்டறதைவிட, தினமும் பத்து நிமிஷம் ஒதுக்கறது ரொம்ப சுலபம். எப்படின்னு பார்க்கலாமா?

கலைஞ்சு கிடந்தா என்னவாம்?

'என் ரூம்... எப்படி இருந்தா யாருக்கு என்ன?'ன்னு கேக்கறீங்களா? மூணு விஷயம் இருக்கு.

முதல் விஷயம், படிப்பு. கண்ணு முன்னாடி ஒரே நேரத்துல நிறைய பொருள் கிடந்தா, அது அத்தனையும் நம்ம மூளையோட கவனத்தைப் பிடிக்க ஒண்ணோட ஒண்ணு போட்டி போடும்னு, அமெரிக்காவோட பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-ல எழுதினாங்க. புக்கைத் திறந்து வெச்சு அரை மணி நேரமாகியும் முதல் பக்கத்துலயே நிக்கறீங்களா? டேபிளை ஒரு தடவை பாருங்க.

ரெண்டாவது, கொசு. டெங்குவைப் பரப்பற ஏடிஸ் கொசுவுக்கு குளம், குட்டையெல்லாம் தேவையே இல்லை. மொட்டை மாடியில தூக்கிப் போட்ட பெயின்ட் டப்பா, பழைய டயர், தேங்காய்த் தொட்டி, உடைஞ்ச பக்கெட்... இதுல தேங்கற கொஞ்சூண்டு மழைத்தண்ணி போதும். முட்டை, கொசுவா மாறிப் பறக்க சுமார் ஏழுலேர்ந்து பத்து நாள்தான். தண்ணி வத்திப் போனாலும் அதோட முட்டை மாசக்கணக்குல சாகாம காத்துக்கிட்டு இருக்கும். 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு மாடியில ஒதுக்கி வெச்ச சாமான், நம்மளை ஆஸ்பத்திரியில படுக்க வைக்கலாம்!

மூணாவது விஷயம்தான் முக்கியம்... அம்மா. நம்ம கண்ணுக்கு வீடு 'தானா' சுத்தமாகுது. ஆனா, மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் 2019-ல எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு வேற கதை சொல்லுது. சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவழிக்கறாங்க. அதாவது, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம்! அதே வேலையைச் செய்யற ஆண்கள் செலவழிச்சது 97 நிமிஷம். அதுவும் வீட்டு வேலையில கைவெச்ச ஆண்கள், நூத்துக்கு முப்பது பேர்கூட தேறலை. 2024-ல மறுபடி எடுத்தப்போ பெண்களுக்கு 289 நிமிஷம், ஆண்களுக்கு 88 நிமிஷம். அஞ்சு வருஷத்துல பெண்களுக்கு 10 நிமிஷம் குறைஞ்சிருக்கேன்னு சந்தோஷப்பட்டா, ஆண்களும் 9 நிமிஷத்தைக் குறைச்சுட்டாங்க!

நீங்க கழட்டிப் போட்ட சாக்ஸைக் குனிஞ்சு எடுக்கற நிமிஷமும் அந்தக் கணக்குலதான் வருது. இன்னொரு விஷயமும் கவனிச்சுப் பாருங்க... தங்கச்சியைப் பார்த்து 'ரூமை இப்படியா வெச்சிருப்பே?'ன்னு அதட்டற வீட்ல, அண்ணன் ரூமை சத்தமில்லாம அம்மாவே பெருக்கிட்டுப் போயிடுவாங்க. அண்ணன்மார்களே... இந்தக் கட்டுரை உங்களுக்கு ஸ்பெஷலா!

ஆறு பழக்கம்... அவ்ளோதான்!

1. வெறுங்கையோட எந்திரிக்காதீங்க: ரூமை விட்டு எப்படியும் வெளிய போகத்தான் போறீங்க. போற வழிக்கு ஏதாச்சும் ஒண்ணைக் கையில எடுத்துக்கங்க. காபி குடிச்ச டம்ளர், அழுக்குத் துணி, பிஸ்கட் கவர்... எதுவானாலும் சரி. டம்ளரை எடுத்துட்டுப் போனதும் சிங்க்ல போட்டுடாம, கழுவிக் கவுத்துட்டு வந்தா நீங்கதான் ஹீரோ!

2. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்ரஸ்: பைக் சாவிக்கு வாசல் பக்கம் ஒரு ஆணி. சார்ஜருக்கு ஒரு டப்பா. ஐ.டி. கார்டுக்கு பேக்ல ஒரு ஜிப். காலையில பஸ்ஸைத் தவற விடறதுக்குப் பாதிக் காரணம், அட்ரஸ் இல்லாத பொருள்தான்.

3. பாதி அழுக்குத் துணிக்கு ஒரு முடிவு: துவைச்ச துணி பீரோவுக்குப் போகும். அழுக்கு, கூடைக்குப் போகும். ஒரு தடவை போட்ட ஜீன்ஸ் எங்கே போகும்? அங்கேதான் நாற்காலி மாட்டிக்குது. கதவுக்குப் பின்னாடி நாலு கொக்கி அடிங்க. கொக்கி நிறைஞ்சுட்டா, எல்லாம் துவைக்கப் போகணும். இதுதான் ரூல்!

4. பேப்பருக்கு ரெண்டு ஃபைல்: பத்தாவது, பிளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், டி.சி. எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கணும். இருக்கற இடம் வீட்ல இன்னொருத்தருக்கும் தெரியணும். இன்டர்வியூவுக்கு முதல் நாள் ராத்திரி பரண்ல ஏறித் தேடற கொடுமை வேண்டாம். ஸ்கேன் பண்ணியும் வெச்சுக்கங்க. ரெண்டாவது ஃபைல், நடக்கற செமஸ்டரோட ஜெராக்ஸ் நோட்ஸுக்கு. ரிசல்ட் வந்து பாஸாகிட்டா, ஜூனியர்கிட்ட குடுங்க. மிச்சம் பழைய பேப்பர் கடைக்கு.

5. ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே: புதுசா ஒரு டி-ஷர்ட் வந்தா, பழசு ஒண்ணு வெளிய போகணும். ஆன்லைன்ல வந்த அட்டைப்பெட்டியை 'எதுக்காச்சும் ஆகும்'னு சேர்க்காதீங்க. திருப்பி அனுப்பற நாள் முடிஞ்சா, அதுவும் பழைய பேப்பர் கடைக்குத்தான். ஆனா, பழைய போன், உப்பிப் போன பேட்டரியை மட்டும் குப்பைத்தொட்டியில போட்டுடாதீங்க. நசுங்கினா தீப்பிடிக்கும். மின்கழிவு வாங்கற இடத்துல குடுக்கறதுதான் சரி.

6. ரெண்டு பாட்டு நேரம்: தூங்கறதுக்கு முன்னாடி உங்களுக்குப் பிடிச்ச ரெண்டு பாட்டை ஓட விடுங்க. அது முடியறதுக்குள்ள டேபிள், கட்டில், தரை மூணையும் ஒழுங்குபண்ணணும். பாட்டு முடிஞ்சா வேலையும் முடிஞ்சது. மீதி நாளைக்கு! வாரத்துல ஒருநாள் மட்டும் அந்த நேரத்தை மொட்டை மாடிக்கும் பால்கனிக்கும் குடுங்க. தண்ணி தேங்கின டப்பாவைக் கவுத்துட்டு வாங்க. கொசுவோட அந்த ஏழு நாள் கணக்கு ஞாபகம் இருக்குல்ல?

எத்தனை நாள்ல பழகும்?

'இருபத்தோரு நாள்ல எந்தப் பழக்கமும் ஒட்டிக்கும்'னு ஆளாளுக்கு சொல்வாங்க. நம்பாதீங்க! யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 96 பேரை வெச்சுப் பார்த்து 2009-ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு பழக்கம் தானா வர நடுவாந்தரமா 66 நாள் ஆச்சு. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை வித்தியாசம்... 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் கணக்கு போச்சு. அதே ஆய்வுல ஒரு நல்ல சேதியும் இருக்கு. நடுவுல ஒருநாள் விட்டுப்போனா ஒண்ணும் குடிமுழுகிப் போகலை. மறுநாள் தொடர்ந்தா போதும். அதனால, ஆறையும் ஒரே நாள்ல ஆரம்பிக்காம ஒண்ணை மட்டும் பிடிங்க. ஏற்கெனவே தினமும் பண்ற ஒரு வேலையோட அதை முடிச்சுப் போடுங்க. 'பல் தேய்ச்சதும் படுக்கையை மடிக்கணும்'ங்கற மாதிரி.

ஜப்பான்காரங்க இதை ஸ்கூல்லயே ஆரம்பிச்சுடறாங்க. பசங்களே க்ளாஸ் ரூமைப் பெருக்கித் துடைக்கணும். 2018 உலகக் கோப்பை கால்பந்துல பெல்ஜியத்துக்கிட்ட 3-2ன்னு தோத்து வெளியேறின ராத்திரியும், ஜப்பான் டீம் டிரெஸ்ஸிங் ரூமைப் பளிச்னு துடைச்சு வெச்சு, ரஷ்ய மொழியில 'நன்றி'ன்னு எழுதி வெச்சுட்டுப் போனாங்க. தோத்த அன்னிக்கே அவங்களால முடிஞ்சிருக்கு!

அதுக்காக ரொம்ப ஓவராவும் போகாதீங்க. வீட்டை ஒதுங்க வைக்கறது எப்படின்னு புக் எழுதியே உலகம் பூரா பேர் வாங்கின ஜப்பானோட மேரி கொண்டோ, 'மூணாவது குழந்தை பிறந்ததுக்கு அப்புறம் நானே கொஞ்சம் விட்டுட்டேன்'ங்கற மாதிரி 2023-ல சொன்னாங்க. வீடுன்னா ஆள் வாழற இடம்... கொஞ்சம் கலையத்தான் செய்யும்!

கடைசியா ஒரு எச்சரிக்கை. சுத்தம் பண்ற வேகத்துல தாத்தாவோட ஓடாத ரேடியோவையும், ரூம்மேட்டோட ஓட்டை ஷூவையும் கேக்காம தூக்கிப் போட்டுடாதீங்க. உங்களுக்குக் குப்பை... அவங்களுக்குப் பொக்கிஷம்! உங்க பொருள்லேர்ந்து ஆரம்பிங்க.

இன்னிக்கு ராத்திரி சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வெச்சுட்டு, ரெண்டு பாட்டு நேரத்துல ரூமையும் ஒதுக்கிப் பாருங்க. அம்மா முதல்ல நம்ப மாட்டாங்க. நெத்தியில கை வெச்சு 'உடம்பு கிடம்பு சரியில்லையாடா?'ன்னு கேப்பாங்க. அப்படிக் கேக்கறதை அவங்க நிறுத்தற வரைக்கும் விடாம செய்யுங்க!