புகழ் வந்தது, பாடகர்கள் போனார்கள்!

தனக்குப் பிடித்த பாடகருக்குப் புகழ் வந்தால் ரசிகர் சந்தோஷப்படுவார். அதுதானே வழக்கம்? "ஐயோ, புகழ் வந்துவிட்டதே!" என்று ரசிகர்கள் கலங்கிய கதையும் உண்டு. இங்கிலாந்தில், லிவர்பூல் என்ற துறைமுக நகரத்தில் அது நடந்தது.

கிடங்குக்கு அடியில்

மேத்யூ தெரு, கிடங்குகள் நிறைந்த குறுகலான தெரு. அங்கே ஒரு கிடங்கின் அடியில் ஒரு நிலவறை. பெயர், 'கேவர்ன்'. குகை என்று பொருள். பெயருக்கு ஏற்ற இடம்தான். உள்ளே இறங்கினால் செங்கல் வளைவுகள். காற்றுக்கு வழி இல்லை. கூட்டம் சேர்ந்தால் சுவரில் ஈரம் வழியும். மது கிடையாது, சூப்பும் ரொட்டியும் கிடைக்கும்.

1961-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, 'பீட்டில்ஸ்' என்ற வாலிபர் குழு அங்கே முதன்முதலில் பாடியது. ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோர் பாடுவார்கள். டிரம் அடிப்பவர் பீட் பெஸ்ட்.

மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கச்சேரி உண்டு. டைப்பிஸ்டுப் பெண்களும், கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் ஓடி வருவார்கள். முடியைச் சுருட்டி, அதன்மேல் துணி கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பீட்டில்ஸ் மேடை ஏறும் நேரம் பார்த்து அதை அவிழ்ப்பார்கள்! பாடகர்களும் சும்மா இல்லை. மேடையிலேயே சாப்பிடுவார்கள். முன்வரிசைப் பெண்களைக் கேலி செய்வார்கள். கேட்ட பாட்டைப் பாடுவார்கள். வெளி உலகத்துக்கு அவர்களைத் தெரியாது. அதுவே ரசிகைகளுக்குத் தனிப் பெருமை.

கண்ணில் குத்து!

1962 ஆகஸ்டில் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டார். ரிங்கோ ஸ்டார் வந்தார். ரசிகர்கள் கொதித்தார்கள். யாரோ விட்ட குத்தில் ஜார்ஜ் ஹாரிசனின் கண் கறுத்துவிட்டது. அந்தக் கண்ணோடுதான் அவர் செப்டம்பரில் லண்டனுக்கு, பாட்டுப் பதிவு செய்யப் போனார்.

அக்டோபர் 5-ந் தேதி இசைத்தட்டு வெளிவந்தது. வாங்குவதா, வேண்டாமா? விற்பனை ஏறினால் பையன்கள் லண்டனுக்குப் போய்விடுவார்களே! அதற்காகவே வாங்காமல் இருந்ததாகச் சிலர் பிற்காலத்தில் சொன்னார்கள். சிலரோ, வீட்டில் கிராமபோன் இல்லாமலே வாங்கினார்கள்.

1963 தொடக்கத்தில் இரண்டாவது இசைத்தட்டு, விற்பனையில் முதல் இடத்துக்கு வந்தது. கேவர்ன் மேடையில் அந்தச் செய்தியை அறிவித்தார்கள். கைதட்டல் இல்லை. கூட்டம் மவுனமாக நின்றது.

சுயநலம் என்று சொல்லலாமா? தொடும் தூரத்தில் நின்றவர்களைப் பத்திரிகைப் படத்தில் மட்டும் பார்ப்பது என்றால், யாருக்குத்தான் மனம் வரும்?

பயந்தது நடந்தது. 1963 ஆகஸ்டு 3-ந் தேதி அங்கே கடைசிக் கச்சேரி. அதற்குள் ஏறக்குறைய 290 தடவை பாடியிருந்தார்கள். பிறகு அந்தப் படியில் அவர்கள் பாட இறங்கவே இல்லை.

1964 ஜூலை 10-ந் தேதி அவர்கள் ஊருக்கு வந்தார்கள். இப்போது பயம் பாடகர்களுக்கு! 'ஊரார் நம்மை வெறுத்துவிட்டார்கள்' என்ற பேச்சு அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது. வந்து பார்த்தால், தெருவெல்லாம் தலை! சுமார் 2 லட்சம் பேர் என்று கணக்கு.

தலையணை உறை

கேவர்ன் ரசிகைகளில் ஒருவர் பிரெடா கெல்லி. டைப்பிஸ்டுப் பெண். 17 வயதில் பீட்டில்சின் மானேஜர் பிரையன் எப்ஸ்டீனிடம் வேலைக்குச் சேர்ந்தார். ரசிகர் மன்றத்துக்கும் செயலாளர் ஆனார். விவரம் புரியாமல் தன் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டார். கடிதங்கள் வந்து குவிந்தன. அப்பாவுக்குக் கோபம். வராமல் இருக்குமா?

தான் இழந்ததை நினைத்துப் பிரெடா உட்கார்ந்துவிடவில்லை. எங்கோ இருந்த ரசிகைகளுக்காக ஓடினார். ஒரு பெண், ரிங்கோ படுத்து எழுந்த தலையணை உறை வேண்டும் என்று உறையை அனுப்பியிருந்தாள். பிரெடா அதை ரிங்கோவின் தாயாரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

குழு 1970-ல் பிரிந்தது. கேவர்ன் கட்டடம் 1973-ல் இடிக்கப்பட்டது. பிரெடா பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 2013-ல் வெளிவந்த செய்திப்படத்தில்தான் கதையைச் சொன்னார். விற்றிருந்தால் பெரும் பணம். ஆனால், தன்னிடம் இருந்த பீட்டில்ஸ் பொருள்களில் பெரும்பகுதியை ரசிகர்களுக்கே அவர் கொடுத்துவிட்டிருந்தார்.